பாடகர் ராஜத்தின் தூரிகை

தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய சங்கீத மும்மூர்த்திகளின் படங்களைப் பாட்டு வகுப்பு நடைபெறும் இல்லங்களில் காணாதவர் இலர். சாஸ்திரியார் மறைந்தது 1827இல், தீட்சிதர் 1835இல், தியாகராஜர் 1847இல். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839இல்தான். அங்ஙனமாயின் இம்மூவரின் முகங்கள் நமக்கு எங்ஙனம் கிடைத்தன? ஓவியரின் உள்ளத்திலிருந்துதான். அவ்வோவியருள் பலரும் அறிந்த ஒருவர், மேடையேறிப் பாடிய கர்நாடக சங்கீத வித்துவான் எஸ். ராஜம் ஆவார்.

1919ஆம் ஆண்டில் பிறந்த ராஜம், வீணை எஸ். பாலசந்தரின் தமையனார். 1934இல் வெளிவந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் இராமராக நடித்தார். அப்படத்துக்கு இசையமைத்த பாபநாசம் சிவனிடம் அவர் சங்கீதமும் பயின்றார். பின்னர் சென்னை அரசினர் கலைப் பள்ளியில் சேர்ந்தார். மெரினாவிலுள்ள உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்போது அங்கே முதல்வர். பள்ளியில் மேனாட்டு முறை கற்பிக்கப்பட்ட போதிலும், ராஜத்தின் மனம் அஜந்தா குகைச் சுவர்களையே நாடிற்று. நீண்ட விழிகள், வளைந்த விரல்கள், நிழலைவிடக் கோட்டுக்கே முதன்மை: இவை அவர் ஓவியத்தின் அடையாளங்கள்.

அவர் கையாண்ட நீர்வண்ண முறை பொறுமையைச் சோதிப்பது. வண்ணம் தீட்டிய தாளை நீரில் நனைப்பார்கள். ஒட்டாத வண்ணம் கழுவிப் போகும். எஞ்சியது தாளில் ஊறி நிற்கும். உலர்ந்தபின் மீண்டும் தீட்டி, மீண்டும் நனைக்க வேண்டும். அவசரக்காரருக்கு ஏற்ற வேலையன்று!

வயிற்றுப்பாட்டுக்குச் சென்னை வானொலியில் சங்கீதப் பணி, வீட்டில் ஓவியம். எனினும் இரண்டும் தனித்தனி அறைகளில் வாழவில்லை. கோடீசுவர ஐயர் 72 மேளகர்த்தா இராகங்களிலும் தமிழில் இயற்றிய கீர்த்தனங்களை ராஜம் பாடிப் பரப்பினார். அவற்றுள் 40 விவாதி மேளங்கள். அவற்றைப் பாடினால் தீங்கு நேரும் என்று அஞ்சி ஒதுக்கிய வித்துவான்கள் பலர். ராஜம் அஞ்சவில்லை.

மும்மூர்த்தி படங்களைப் பற்றி ஒன்று கூறவேண்டும். அவற்றை உண்மை உருவமென்றே மாணவர் எண்ணுகின்றனர். பாடம் சொல்வோர் அவ்வெண்ணத்தைத் திருத்துதல் கடன். அவை சரித்திரச் சான்றுகள் அல்ல. அம்மூவரின் கீர்த்தனங்களை வாழ்நாளெல்லாம் பாடிய ஒருவர் மனக்கண்ணில் கண்டவை. அதனால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடாது.

13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம், ஏழு சுரங்களுக்கும் நிறமும் தெய்வமும் வகுத்துரைக்கிறது. ஏட்டிலே கிடந்த அத்தகைய இலக்கணத்துக்கு உருக்கொடுத்து, சுர தேவதைகளையும் ராஜம் தீட்டினார். 2010 ஜனவரியில், தொண்ணூறாம் வயதில், அவர் காலமானார்.