ஏழு ஓக் மரங்களும் ஒரு புயலும்

இங்கிலாந்தின் தென்கிழக்கில், கென்ட் மாவட்டத்தில் ஒரு சிறு நகரம் உண்டு. பெயர் செவன்ஓக்ஸ். ஏழு ஓக் மரங்கள் என்று பொருள். பெயருக்கு ஏற்றாற்போல அங்குள்ள வைன் கிரிக்கெட் மைதானத்தின் ஓரத்தில் ஏழு ஓக் மரங்கள் நின்றன. ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவை ஒட்டி 1902-இல் நடப்பட்டவை அவை. 1987 அக்டோபர் 16 அன்று பொழுது விடிந்தபோது அவற்றில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது!

அந்த ஒரே இரவில் தென் இங்கிலாந்து முழுவதும் சாய்ந்த மரங்கள் சுமார் 1.5 கோடி. சசெக்ஸ் கடற்கரையில் உள்ள ஷோர்ஹாமில் காற்றின் வேகம் மணிக்கு 185 கிலோமீட்டரைத் தொட்டது. லண்டன் நகரின் பெரும்பகுதி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முதல் தடவையாக இருளில் மூழ்கியது. ரயில் பாதைகள், சாலைகள் எங்கும் மரங்கள். இங்கிலாந்தில் 18 பேர் இறந்தார்கள். ஊரே உறங்கும் நேரத்தில் வந்ததால்தான் சாவு அதோடு நின்றது. பகலில் வந்திருந்தால்?

முதல் நாள் மதியம் பிபிசி தொலைக்காட்சியில் வானிலை சொன்ன மைக்கேல் ஃபிஷ், சூறாவளி வருவதாக ஒரு பெண் தொலைபேசியில் சொன்னாராம், கவலை வேண்டாம், அப்படி எதுவும் வரவில்லை என்று சொல்லிவைத்தார். பாவம், காற்று பலமாக இருக்கும் என்றும் அவர் சேர்த்துத்தான் சொன்னார். ஆனால் மக்கள் நினைவில் நின்றது முதல் பாதி மட்டுமே. அடுத்த ஆண்டே, 1988-இல், கடும் வானிலை குறித்து நாடு முழுவதற்கும் எச்சரிக்கை தரும் ஏற்பாடு அங்கே தொடங்கப்பட்டது.

காற்று மட்டுமா காரணம்? இல்லை. அந்த அக்டோபரில் மழை ஓயாமல் பெய்து மண் ஊறிக் கிடந்தது. இலையுதிர்காலம் தொடங்கியும் மரங்களில் இலை உதிரவில்லை. இலை நிறைந்த மரம் பாய் விரித்த கப்பல் மாதிரி, காற்று முழுவதையும் வாங்கிக்கொள்ளும். மேலே பாய், கீழே சேறு. மரம் எப்படி நிற்கும்?

கென்ட் மக்களுக்கு இது முதல் அனுபவம் அல்ல. 284 ஆண்டுகளுக்கு முன்பு, 1703-இல், அன்றைய நாட்காட்டிப்படி நவம்பர் 26 இரவு, இதைவிடப் பெரிய புயல் ஒன்று தென் இங்கிலாந்தைப் புரட்டிப் போட்டது. கடலில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பிற்காலத்தில் 'ராபின்சன் குரூசோ' எழுதிய டேனியல் டீஃபோ அப்போது ஒரு காரியம் செய்தார். கண்டதை எழுதி அனுப்புங்கள் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, நாடெங்கிலுமிருந்து வந்த கடிதங்களைத் தொகுத்து 1704-இல் 'தி ஸ்டார்ம்' என்ற நூலை வெளியிட்டார். அதோடு நிற்கவில்லை. தானே கென்ட் முழுவதும் சுற்றி, வேரோடு விழுந்த மரங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். 17,000 வரை எண்ணியவர், அதற்கு மேல் முடியாமல் விட்டுவிட்டார்!

மரம் வளர்ப்பு பற்றி 1664-இலேயே 'சில்வா' என்ற நூலை எழுதிய ஜான் ஈவ்லின், அதே புயலில் தன் குடும்ப நிலத்தில் 2000-க்கும் மேற்பட்ட ஓக் மரங்களை இழந்தார். அன்றைக்கு ஓக் என்றால் கப்பல். கப்பல் என்றால் நாட்டின் பாதுகாப்பு. ஆகவே எத்தனை மரம் போயிற்று என்ற கணக்கே அன்று முக்கியமாக இருந்தது.

1987-லும் மக்கள் முதலில் செய்தது அதே கணக்குத்தான். கியூ தாவரவியல் பூங்காவில் 700 மரங்கள். சசெக்ஸில் அதன் கிளையான வேக்ஹர்ஸ்டில் 20,000 மரங்கள். சாங்க்டன்பரி குன்றின் உச்சியில் 1760-இல் சார்லஸ் கோரிங் நட்ட பீச் மரத் தோப்பில் பெரும்பகுதி. செவன்ஓக்ஸுக்குப் பக்கத்தில் உள்ள டாய்ஸ் ஹில் காட்டில் ஏறக்குறைய எல்லாமே.

துக்கம் தாங்காத மக்களும் அரசும் உடனே வேலையில் இறங்கினார்கள். கனரக இயந்திரங்கள் வந்தன. விழுந்தவை அறுக்கப்பட்டன, இழுக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. காடு 'சுத்தம்' செய்யப்பட்டு, புதுக் கன்றுகள் வரிசையாக நடப்பட்டன. நல்ல எண்ணம்தான். ஆனால் நடந்தது என்ன? இயந்திரங்களின் பாரத்தில் மண் இறுகியது. தானாக முளைத்து வந்த கன்றுகள் சக்கரத்தில் நசுங்கின. அறுக்கப்பட்டவற்றில், சாய்ந்தும் பாதி வேர் மண்ணில் இருந்த, உயிருள்ள மரங்களும் அடக்கம்.

டாய்ஸ் ஹில்லில் ஒரு பகுதியை மட்டும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தொடாமல் விட்டுவைத்தது. அங்கே வெயில் தரையைத் தொட்டதும் பிர்ச், பீச், ஓக் எல்லாம் தாமாகவே எழுந்தன. மட்கிய மரங்களில் காளானும் வண்டுகளும் பெருகின. சில இடங்களில் புயலைவிடச் சுத்தம் செய்ததே அதிகக் கேடு விளைவித்தது என்று பின்னால் ஒப்புக்கொண்டார்கள். காடுகளின் வரலாற்றை எழுதிய ஆலிவர் ராக்கம் இதைத்தான் வலியுறுத்தினார்: காற்றில் மரம் விழுவது காட்டின் வாழ்க்கையில் ஒரு பகுதி. விழுந்த மரமெல்லாம் செத்த மரம் அல்ல.

இதற்குச் சாட்சியாக ஒரு மரமே உண்டு. கியூ பூங்காவில் 1798-இல் நட்ட 'டர்னர் ஓக்'. புயலுக்கு முன்பே அது நோயாளி மாதிரி வாடிக்கொண்டிருந்தது. அன்றிரவு காற்று அதை வேரும் மண்ணுமாக அப்படியே தூக்கி, அதே குழியில் திரும்ப வைத்தது! பிழைக்காது என்று நினைத்து முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். வெட்ட வேண்டிய வேலைகள் ஏராளம் இருந்ததால் இதன் முறை வரவேயில்லை. சுமார் மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், மரம் தழைத்து நிற்கிறது!

காரணம் என்ன? இரு நூற்றாண்டுகளாகப் பார்வையாளர்களின் கால்கள் மிதித்து மிதித்து வேரைச் சுற்றியிருந்த மண் கல்லாக இறுகியிருந்தது. வேருக்கு மூச்சுத் திணறல். புயல் ஒரு குலுக்குக் குலுக்கி மண்ணை இளக்கிவிட்டது. பின்னாளில் பூங்காவின் மரப் பிரிவுத் தலைவரான டோனி கிர்காம் இந்தப் பாடத்தைப் பலமுறை எடுத்துச் சொன்னார். இப்போது அங்கே வயதான மரங்களின் அடியில் அழுத்தக் காற்றைச் செலுத்தி மண்ணை இளக்குகிறார்கள். விழுந்த மரங்களின் வேர்களை கியூ விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பெரிய மரங்களுக்கு ஆழமான ஆணிவேர் இருக்கும் என்று நினைத்திருந்தோம் அல்லவா? மிகச் சிலவற்றுக்கே அது இருந்தது. மற்றவை மேல்மண்ணில் பரவிய வேர்களால்தான் நின்றிருந்தன. மரத்தின் உயிர் அந்த மேல்மண்ணில்தான் இருக்கிறது.

செவன்ஓக்ஸ் மைதானத்தில் மீண்டும் ஓக் கன்றுகள் நடப்பட்டன. ஊரின் பெயர் பிழைத்தது. டீஃபோ எண்ணியது விழுந்த மரங்களை. 1987 கற்றுக்கொடுத்தது விழுந்த மரத்தின் அடியில் பார்க்க. அடுத்த புயலுக்குப் பிறகு ரம்பத்தை எடுக்கும் முன், கொஞ்சம் பொறுத்து வேரைப் பார்த்தால் எத்தனை மரங்கள் பிழைக்கும்!