ஜெனெட் முகாம்: கோடைக்குப் பின் நடந்தவை

கோடை முகாம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பள்ளி விடுமுறையில் காலை இரண்டு மணி நேரம் நடக்கும் நீச்சல், ஓவியம், கையெழுத்துப் பயிற்சி ஆகியவையே. அமெரிக்காவில் அச்சொல்லின் பொருள் வேறு. பிள்ளைகள் வீட்டைவிட்டுச் சென்று, காட்டிலோ ஏரிக்கரையிலோ வாரக்கணக்கில் தங்கியிருக்கும் வாழ்க்கை அது. 1861-ஆம் ஆண்டு, உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்த வேளையில், கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி நடத்திவந்த ஃபிரடெரிக் வில்லியம் கன் என்பவர் தம் மாணவர்களைக் கடற்கரைக்கு நடத்தி அழைத்துச்சென்று கூடாரங்களில் தங்கவைத்ததை இம்மரபின் தொடக்கமாகக் கொள்வர். 1881-இல் எர்னஸ்ட் பால்ச் என்னும் இளைஞர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஸ்குவாம் ஏரியின் தீவொன்றில் சொக்கோருவா முகாமைத் தொடங்கினார். வேலைக்காரர்களை நம்பியே வளர்ந்த செல்வர் வீட்டுச் சிறுவர்கள் தாமே சமைத்து, தாமே பாத்திரம் கழுவி வாழப் பழகவேண்டும் என்பது அவர் எண்ணம்.

இதன்பின் முகாம்கள் பெருகின. ஒருவருடைய வாழ்வில் சில வாரங்களே இடம்பெறும் இம்முகாம்கள் பல ஆண்டுப் பள்ளிப் படிப்பைவிட ஆழமாக மனத்தில் பதிவதாக அவற்றில் தங்கியவர்கள் எழுதியும் பேசியும் வந்திருக்கின்றனர். இதை இளமை நினைவின் இனிமை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தப் பதிவு ஒரு நாட்டின் சட்டம்வரை சென்று முடிந்த நிகழ்வும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில், ஹண்டர் என்னும் ஊரில், 1951 முதல் 1977 வரை நடந்த ஜெனெட் முகாமின் வரலாறே அது.

ஜெனெட், உடற்குறையுள்ள சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்குமான முகாம். இளம்பிள்ளை வாதத்தால் கால் செயலிழந்தோர், மூளைவாதத்தால் பேச்சும் அசைவும் தடைப்பட்டோர், கண் பார்வையற்றோர் எனப் பலரும் அங்கே வந்து தங்கினர். அக்காலத்து அமெரிக்காவில் இவர்களுடைய நிலை என்ன என்பதை ஒருவருடைய வாழ்க்கை கொண்டு அறியலாம். ஜூடித் ஹியூமன் 1947-இல் பிறந்தவர். ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டவர். ஐந்து வயதில் தாய் பள்ளிக்கு அழைத்துச்சென்றபோது, சக்கர நாற்காலியில் வரும் குழந்தை தீவிபத்து நேர்ந்தால் இடையூறாகும் என்று கூறித் தலைமையாசிரியர் சேர்க்க மறுத்தார். அதன்பின் ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்து, வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் மட்டும் பாடம் நடத்தினார். ஹியூமனுக்கு ஒன்பது வயதானபோதுதான் பள்ளிக் கதவு திறந்தது. அப்போதும் அது தனியே ஒதுக்கப்பட்ட வகுப்புதான். அந்த ஒன்பதாம் வயதிலிருந்தே அவர் கோடைதோறும் ஜெனெட்டுக்குச் செல்லத் தொடங்கினார். பின்னாளில் அங்கேயே பணியாளராகவும் இருந்தார்.

1960-களின் இறுதியில் ஜெனெட்டின் இயல்பு மாறியது. அந்நாளைய ஹிப்பி இளைஞர்கள் பணியாளர்களாக வந்துசேர்ந்தனர். நீண்ட தலைமுடி, கித்தார், கட்டுப்பாடுகளின் மீது வெறுப்பு. மருத்துவப் பயிற்சி பெறாதவர்களும் உடற்குறையுள்ள ஒருவரோடு அதற்குமுன் பழகியறியாதவர்களும் அவர்களுள் இருந்தனர். அந்த அறியாமையே ஒருவகையில் நன்மையாயிற்று என்று எண்ணத் தோன்றுகிறது. இன்ன நோயாளியை இன்ன விதமாக நடத்தவேண்டும் என்ற பாடம் அவர்களுக்கு இல்லை. ஆகவே வந்தவர்களைத் தம் வயதொத்த இளைஞர்களாகவே நடத்தினர். சக்கர நாற்காலியோடு பேஸ்பால் ஆடினார்கள், நீரில் இறங்கினார்கள், சிகரெட் புகைத்தார்கள், காதலித்தார்கள்.

1971-ஆம் ஆண்டுக் கோடையில் 'பீப்பிள்ஸ் வீடியோ தியேட்டர்' என்னும் குழு அம்முகாமைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்தது. ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் கழித்து அக்காட்சிகளைக் கொண்டு 'கிரிப் கேம்ப்' என்ற ஆவணப்படம் 2020-இல் வெளிவந்தது. அதன் இயக்குநர் இருவருள் ஒருவரான ஜேம்ஸ் லெப்ரெக்ட் அதே கோடையில் பதின்வயதுச் சிறுவனாக அங்கே தங்கியிருந்தவர்.

அப்படத்தின் இரு காட்சிகளை இங்கே சொல்லவேண்டும். ஒன்றில், அடுத்து என்ன சமைப்பது என்று கலந்து பேசுகிறார்கள். இளம் ஹியூமன் அப்பேச்சை நடத்துகிறார். இத்தாலிய உணவுகள் சில முன்மொழியப்படுகின்றன. ஒவ்வொருவருடைய விருப்பமும் கேட்கப்படுகிறது. மற்றொன்றில், மேசையைச் சுற்றி அமர்ந்து தத்தம் பெற்றோரைப் பற்றிப் பேசுகிறார்கள். மூளைவாதமுற்ற பெண் ஒருவர் பேசத் தொடங்குகிறார். சொற்கள் உடைந்து, இழுபட்டு, நெடுநேரம் வருகின்றன. கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் விளங்கவில்லை. ஆயினும் யாரும் குறுக்கிடவில்லை. அவருக்காக வாக்கியத்தை முடித்துவைக்கவும் இல்லை. அவர் முடித்த பின்னர், அருகிலிருக்கும் இளைஞர் ஒருவர் தமக்குப் புரிந்ததை எடுத்துரைக்கிறார்: தனியாக இருக்கவும் தனியாகச் சிந்திக்கவும் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது, அந்தத் தனிமைகூடத் தமக்கு மறுக்கப்படுகிறது என்பதே அப்பெண் சொன்னது.

ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருத்தல் மிகச் சிறிய செயல். ஆனால் அதுவரை அவர்கள் சென்ற எந்த இடத்திலும் கிடைக்காத ஒன்று அது. ஜெனெட்டில் அரசியல் பாடம் நடத்தப்படவில்லை. தடைகள் இல்லாத ஓர் இடத்தில் சில வாரம் வாழ்ந்து பார்க்கும் வாய்ப்புதான் அங்கே கிடைத்தது. முகாம் முடிந்து வீடு திரும்பியபோது, வாயிற்படி பழைய உயரத்திலேயே இருந்தது. பேருந்தின் படியும் அப்படியே. தம் கால்களோ முகாமில் எப்படியிருந்தனவோ அப்படியே இருந்தன. அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? தத்துவ நூல்களில் வாதமாகப் படிக்கவேண்டிய இக்கேள்வி ஜெனெட்டிலிருந்து திரும்பியவர்களுக்கு அனுபவமாகவே வந்துசேர்ந்தது.

பணியாளர்களும் மாறாமல் திரும்பவில்லை. சோறூட்டி, குளிப்பாட்டி, தூக்கிக் கிடத்தி வாழ்ந்த சில வாரங்களில் இரக்கம் என்னும் உணர்வு தேய்ந்து தோழமை வந்தது. அலபாமா மாநிலத்திலிருந்து வந்த கறுப்பினப் பணியாளர் ஒருவர், கறுப்பினத்தவராகத் தம்மை மறித்த தடைகளும் சக்கர நாற்காலியில் இருப்போரை மறித்த தடைகளும் ஒன்றே எனக் கண்டுகொண்டதாக அப்படத்தில் நினைவுகூர்கிறார். இந்த ஒப்புமைக்குப் பின்னாளில் பெரும்பயன் விளைந்தது.

1970-இல் ஹியூமன் நியூயார்க் நகரக் கல்வி வாரியத்தின் மீது வழக்குத் தொடுத்தார். நடக்க இயலாதவர் என்ற காரணத்தால் அவருக்கு ஆசிரியர் உரிமம் மறுக்கப்பட்டிருந்தது. வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்தது. அந்நகரில் சக்கர நாற்காலியில் அமர்ந்து பாடம் நடத்திய முதல் ஆசிரியரானார். அதே ஆண்டில் நண்பர்களுடன் 'டிஸேபிள்டு இன் ஆக்‌ஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஜெனெட்டில் பழகிய நட்பு அவ்வமைப்பிலும் தொடர்ந்தது. 1972-இல் மறுவாழ்வுச் சட்டத்தைக் குடியரசுத் தலைவர் நிக்சன் தடுத்தபோது, அவர்கள் நியூயார்க்கின் மேடிசன் சாலையில் சக்கர நாற்காலிகளோடு அமர்ந்து போக்குவரத்தை நிறுத்தினர். அச்சட்டம் 1973-இல் நிறைவேறியது. நடுவணரசின் நிதி பெறும் எந்த நிறுவனமும் உடற்குறையைக் காரணம் காட்டி ஒருவரை விலக்கலாகாது என்றது அதன் 504-ஆம் பிரிவு. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் நான்கு ஆண்டுகளாகியும் யாரும் கையெழுத்திடவில்லை.

1977 ஏப்ரல் 5 அன்று நாட்டின் பல நகரங்களில் சுகாதார, கல்வி, நல்வாழ்வுத் துறை அலுவலகங்களின் முன் போராட்டம் தொடங்கியது. மற்ற இடங்களில் விரைவில் ஓய்ந்துபோன அது சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் நீடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அரசு அலுவலகத்துக்குள் தங்கிவிட்டனர். அவர்களுள் ஹியூமன் உள்ளிட்ட ஜெனெட் தோழர்களும் இருந்தனர். மாற்றுடை இல்லை; படுக்கை இல்லை. உணவூட்டவும் திருப்பிக் கிடத்தவும் பிறர் துணை தேவைப்பட்டவர்கள் வெறுந்தரையில் உறங்கினர். தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது, காது கேளாதோர் சன்னலருகே நின்று சைகை மொழியில் வெளியில் இருந்தவர்களோடு பேசினர். 'கருஞ்சிறுத்தைகள்' இயக்கத்தினர் நாள்தோறும் சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தனர். நள்ளிரவுவரை நீண்ட கூட்டங்களில், சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எதுவும் முடிவு செய்யப்படவில்லை. மெதுவாகப் பேசுவோர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தனர்.

இவ்வழக்கங்கள் புதியவை அல்ல. ஒருவரையொருவர் தூக்குவது, ஊட்டுவது, ஒருவருக்காக எல்லோரும் காத்திருப்பது, என்ன உண்பது என்பதைக்கூடக் கூடிப் பேசி முடிவெடுப்பது ஆகிய அனைத்தும் கேட்ஸ்கில் மலையில் பழகியவை. பயிற்சி பெற்ற படை எனக் காவல் துறை கருதாத ஒரு கூட்டம் இத்தனை நாள் தாக்குப்பிடித்ததன் இரகசியம் இதில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. ஏப்ரல் 28 அன்று அமைச்சர் ஜோசப் கலிஃபானோ விதிகளில் கையெழுத்திட்டார். ஏப்ரல் 30 அன்று போராட்டக்காரர்கள் கட்டடத்தைவிட்டு வெளியே வந்தனர். 1990 ஜூலை 26 அன்று நிறைவேறிய அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், 504-ஆம் பிரிவு இட்ட அடித்தளத்தின் மீது எழுந்ததே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு முகாமே ஓர் இயக்கத்தைப் பெற்றெடுத்தது என்று எழுதுவது கவர்ச்சியாக இருக்கும். வரலாறு அவ்வாறு நடப்பதில்லை. 1972-இல் பெர்க்லியில் தற்சார்பு வாழ்வு மையம் உருவாக முன்னின்ற எட் ராபர்ட்ஸ், சான் பிரான்சிஸ்கோ போராட்டத்தைத் திட்டமிட்ட கிட்டி கோன் ஆகியோர் வேறு வழிகளில் வந்தவர்கள். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் காட்டிய பாதை எல்லோர்க்கும் முன்னே இருந்தது. ஜெனெட்டில் தங்கிய மிகப் பலர் எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ளாமல் வீட்டு வாழ்க்கைக்கே திரும்பியிருப்பர். முகாம் தந்தது இயக்கத்தின் ஒரு பகுதியினர்க்கான பழக்கத்தையும், அதைவிட முக்கியமாக, இப்படியும் வாழலாம் என்பதற்கான சான்றையும்.

மற்றொரு முரணையும் காணலாம். உடற்குறையுள்ளோரை மட்டும் தனியே திரட்டிய இடம் ஜெனெட். ஊரிலிருந்து ஒதுக்கிவைப்பதற்கு எதிரான போராட்டம் ஒதுக்கமான இடத்தில் முளைத்தது. ஆனால் ஒதுக்குதல் வேறு, ஒன்றுகூடுதல் வேறு. ஒதுக்கப்பட்ட வகுப்பில் அவர்களைப் பற்றிப் பிறர் முடிவு செய்தனர். முகாமில் அவர்களே முடிவு செய்தனர். இவ்வேறுபாட்டை அவர்கள் சொல்லிலும் காட்டினர். தம்மை இழித்துரைக்கப் பயன்பட்ட 'கிரிப்' என்ற சொல்லை அவர்கள் மென்மையாக்க முயலவில்லை. தாமே எடுத்துப் பெயராக அணிந்துகொண்டனர். முடவர், ஊனமுற்றோர், மாற்றுத்திறனாளி என்று சொல்லை மாற்றி மாற்றி மரியாதையைத் தேடும் நமக்கு இதில் சிந்திக்க இடமுண்டு. தமிழில் இச்சொற்களைப் பெரும்பாலும் மற்றவர்களே தேர்ந்தெடுத்தனர் என்பதை மறுப்பதற்கில்லை.

இவ்வரலாற்றின் ஒரு கிளை நம் வாசல்வரை வருகிறது. அமெரிக்கச் சட்டத்தின் தாக்கத்தையும் பெற்று உருவான ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டது. இந்தியா 2007-இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. அதை நிறைவேற்றவே 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியது. விந்தை என்னவென்றால், அமெரிக்க செனட் 2012-இல் அவ்வுடன்படிக்கைக்கு ஒப்புதல் அளிக்கத் தவறியது. இந்தியச் சட்டம் பொதுக் கட்டடங்களைத் திருத்தியமைக்க, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் தந்தது. விதிகள் 2017-இல் அறிவிக்கப்பட்டன. அந்த அவகாசம் முடிந்த பின்னும் சாய்தளம் இல்லாத வகுப்பறைகளைத் தேடி நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை.

ஹியூமன் தம் நாட்டின் கல்வித் துறையிலும் வெளியுறவுத் துறையிலும் உயர்பொறுப்புகளை வகித்து, 2023 மார்ச் 4 அன்று மறைந்தார். ஜெனெட் முகாம், 504-ஆம் பிரிவின் விதிகள் கையெழுத்தான அதே 1977-இல், பணமில்லாமல் மூடப்பட்டது. பின்னர் வேறோர் ஊரில் வேறு நிர்வாகத்தில் அப்பெயர் சிலகாலம் தொடர்ந்தது. அது வேறு கதை. ஹண்டரில் அம்முகாம் இன்று இல்லை. அங்கே தங்கியவர்கள் ஏறமுடிந்த பேருந்துகளும் நுழைய முடிந்த பள்ளிகளும் அமெரிக்கா முழுதும் இருக்கின்றன.