பூச்சிச் சீட்டுக்கு ஓர் உரை

பூச்சியைப் பாடம் செய்து ஊசியில் குத்தும்போது, அதே ஊசியில் ஒரு குறுஞ்சீட்டும் செருகுவார்கள். படப்பையில் பிடித்த நீள்மீசை வெட்டுக்கிளி ஒன்றுக்கு எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

“மெகோபோடா எலோங்காட்டா (லின்னேயஸ், 1758). ஆண். படப்பை, காஞ்சிபுரம் மாவட்டம். இரவு, விளக்குக்கு வந்தது.”

‘மெகோபோடா எலோங்காட்டா’: முன்னது பேரினம், பின்னது சிற்றினம். உடம்பைவிட நீண்ட நூல்மீசை, முன்னங்காலில் காது, பாதத்தில் நான்கு கணு இருந்தால் டெட்டிகோனிடே குடும்பம். பயிரை மேயும் குட்டைமீசை வெட்டுக்கிளிக்குக் காது வயிற்றின் பக்கத்தில், கணுவும் மூன்றுதான். நிறத்தை நம்பவே கூடாது. ஒரே இனத்தில் பச்சையும் உண்டு, சருகு நிறமும் உண்டு.

‘(லின்னேயஸ், 1758)’: இனத்துக்கு முதலில் பெயரிட்டவரும் ஆண்டும். அடைப்புக்குறி அலங்காரத்துக்கு அல்ல. லின்னேயஸ் இதைக் கிரில்லஸ் என்ற பேரினத்தில் வைத்திருந்தார். மெகோபோடா என்ற பேரினத்தைச் செர்வில் என்பவர் 1831இல்தான் வகுத்தார். பேரினம் மாறிய பெயருக்கே இந்தக் குறி.

‘ஆண்’ என்றது பாடுவதைச் சுட்டி. பெண்ணுக்கு வயிற்று நுனியில் முட்டையிடும் வாள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆணின் இடது முன்சிறகுக்கு அடியில் நுண்ணிய பல்வரிசை. வலது சிறகின் விளிம்பு அதில் உரசப் பாட்டு பிறக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த விவேக் நித்யானந்தாவும் ரோகிணி பாலகிருஷ்ணனும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், தோற்றத்தால் பிரிக்க முடியாத தென்னிந்திய மெகோபோடாக்களில் ஐந்து வகைப் பாட்டுகளைக் காட்டினார்கள். ஒன்றுக்கு ‘ஹெலிகாப்டர்’, இன்னொன்றுக்கு ‘ரயில்’ என்று பெயர். கேட்டால் பொருத்தம் புரியும். ஆக, எலோங்காட்டா என்பது ஐந்து குடித்தனத்துக்கு ஒரே ரேஷன் கார்டு மாதிரி. ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ வட்டாரத்தில் புதிய இனங்களை விவரிக்கும் கிளாடியா ஹெம்ப் குழுவினரும் உடலமைப்போடு பாட்டையும் குரோமோசோமையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

‘படப்பை’: போதாது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரப் புதரும் ஏரிக்கரையும் ஒன்றல்ல.

‘விளக்குக்கு வந்தது’: ஒரகடம் பக்கம் கம்பெனி கேட்டுக்குக் கேட் விளக்கு எரிவதால் பிடிப்பது சுலபம். சிக்கலும் அதில்தான். விளக்கடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆணை அப்படியே கொன்றுவிட்டால், ஐந்தில் எது என்று அப்புறம் யாரைக் கேட்பது? வலைக்கூண்டில் இலை போட்டு விட்டுவைத்து, பாடும்போது பதிய வேண்டும். அப்போதைய வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். குளிர்ந்தால் அதே பூச்சி மெதுவாகப் பாடும். அது தெரியாமல் இரண்டு பதிவுகளை ஒப்பிட்டால் ஒரே வகையை இரண்டாக்கிவிடுவோம். பதிவு எண்ணும் வெப்பநிலையும் ஏறாதவரை, இந்தச் சீட்டில் ‘எலோங்காட்டா’வுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைப்பதே முறை.