கடலுக்கு அடியில் 27,000 ஆண்டு பழமையான ஓவியங்கள்... பிரான்ஸின் கோஸ்கேர் குகைக்குள் போக முடியுமா?

குகையின் வாசல் கடல்மட்டத்துக்கு 37 மீட்டர் கீழே. ஆனால், உள்ளே சுவர் முழுக்க குதிரை, காட்டெருமை, மனிதக் கைத்தடங்கள்! பிரான்ஸின் மார்செய் நகருக்கு அருகில் இருக்கும் கோஸ்கேர் குகையில்தான் இந்த அதிசயம். தண்ணீருக்கு அடியில் யார் போய் வரைந்தது?

கடல் அப்போது எங்கே இருந்தது?

பனியுகத்தில் ஏராளமான தண்ணீர் பனிப்பாறையாக உறைந்திருந்தது. கடல்மட்டம் இன்றைவிட சுமார் 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. கடற்கரை பல கிலோமீட்டர் தள்ளி இருந்ததால், மக்கள் நடந்தே குகைக்குள் போனார்கள். பிறகு பனி உருக, கடல் ஏறி வந்து வாசலை மூடிவிட்டது. உள்ளே மேடான பகுதி மட்டும் தப்பியது.

கண்டுபிடித்தது யார்?

ஆழ்கடல் நீச்சல் வீரர் ஆன்றி கோஸ்கேர். 1985-ல் குறுகலான நீண்ட சுரங்கப்பாதை வழியாக உள்ளே போனார். 1991-ல் அதே பாதையில் வழிதவறி 3 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகே குகை பற்றி அரசுக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டது. ஓவியங்கள் போலியோ என்ற சந்தேகமும் எழுந்தது. கார்பன் பரிசோதனை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

என்னென்ன இருக்கு?

கைத்தடங்கள் சுமார் 27,000 ஆண்டுகள் பழமையானவை. சிலவற்றில் விரல்கள் முழுசா இல்லை. மடக்கி வைத்தார்களா, இழந்த விரல்களா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. விலங்கு ஓவியங்களில் பல சுமார் 19,000 ஆண்டுகள் பழமையானவை. கடல்நாயும், பென்குயின் போலத் தெரியும் பறவையும் உண்டு. அந்தப் பறவை 'கிரேட் ஆக்'. 19-ம் நூற்றாண்டில் வேட்டையால் பூண்டோடு அழிந்துபோன இனம்.

நாம் போய்ப் பார்க்கலாமா?

அசல் குகைக்குள் ஆய்வாளர்களுக்கு மட்டுமே அனுமதி. ஆனால், மார்செய் நகரில் 2022 ஜூன் மாதம் அதன் மாதிரிக் குகை திறக்கப்பட்டது. சின்ன வண்டியில் உட்கார்ந்தபடியே சுற்றிப் பார்த்துவிடலாம்.

மாதிரி எதற்கு?

காலநிலை மாற்றத்தால் கடல்மட்டம் மறுபடி உயர்கிறது. நீர்மட்டத்தை ஒட்டியுள்ள குதிரை ஓவியங்களின் கீழ்ப்பகுதி ஏற்கெனவே அழிந்துவிட்டது. தண்ணீரைத் தடுக்க வழியில்லை. அதனால்தான் முப்பரிமாண ஸ்கேனர் மூலம் குகையை அங்குலம் அங்குலமாகப் பதிவு செய்கிறார்கள். சுவரில் இருப்பது மறைந்தாலும், அந்தப் பதிவாவது மிஞ்சும்.