பதிவுச் சான்றிதழும் பட்டறையும்: வாகன மாற்றத்தின் சட்ட வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

பெங்களூரு ஜே.சி. சாலையில் ஒருமுறை நடந்து சென்றவர்கள் இந்த முரணைக் கவனித்திருப்பார்கள். அகலச் சக்கரம், முன்புறத் தடுப்புக் கம்பி, உறுமும் சைலன்சர் எல்லாம் இருபுறக் கடைகளிலும் பகலிலேயே விற்கப்படுகின்றன. விற்பவருக்கு உரிமம் உண்டு, வாங்குபவருக்கு ரசீது உண்டு. ஆனால் சட்டம் அனுமதியாத ஒன்றைப் பொருத்திக்கொண்டு அதே சாலையில் ஓட்டும் உரிமையாளருக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 182அ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். கர்நாடக நகரங்களில் பறிமுதலான சைலன்சர்களைக் காவல்துறையினர் சாலை உருளையின் கீழிட்டு நசுக்கும் படங்களை நாளிதழ்களில் நாம் பார்த்திருக்கிறோம்.

வாகனத்தை மாற்றுவது குற்றம் என்னும் எண்ணம் நம் சட்டத்தில் தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. அது எப்போது, எந்தச் சொற்றொடரின் வழியாக நுழைந்தது என்பதே இங்கு என் கேள்வி.

மோட்டார் வாகனம் இந்தியாவுக்கு வந்தபோது, பெரும்பாலும் அது முழுமையான பொருளாக வரவில்லை. பேருந்துக்கும் லாரிக்கும் இயந்திரமும் அடிச்சட்டமும் கப்பலில் வரும். மேற்கூடு இங்கே கட்டப்படும். 1840 முதல் சென்னையில் குதிரை வண்டிகள் செய்துவந்த சிம்ப்சன் நிறுவனம் பின்னர் மோட்டார் வாகனங்களுக்கு மேற்கூடு கட்டியது இப்படித்தான். கரூரிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் இன்றும் வழங்கும் ‘பாடி கட்டுதல்’ என்னும் சொல் அந்த மரபின் எச்சம். வீடு கட்டுவதைப் போலவே வண்டியும் கட்டப்பட்டது. இத்தகைய சூழலில் ஒரு வாகனத்தின் ‘மூல வடிவம்’ எது என்று கேட்பதற்கே பெரிய பொருளில்லை. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 32ஆம் பிரிவும் அதைக் கேட்கவில்லை. அதன் அக்கறை ஏட்டைப் பற்றியது. பதிவுச் சான்றிதழில் எழுதியிருப்பது உண்மை நிலையோடு பொருந்த வேண்டும், அவ்வளவே.

அந்தச் சட்டம் வந்த சில ஆண்டுகளிலேயே நாட்டின் வரலாற்றில் மிகப் பெரிய வாகன மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பேருந்துகள் நின்றுவிடாதிருக்க, அவற்றின் பின்புறத்தில் கரியடுப்புக் கலன்கள் பொருத்தப்பட்டன. கட்டுப்படுத்தப்பட்ட காற்றில் மரக்கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு, குளிர்விக்கப்பட்டு, தூசு வடிகட்டப்பட்டு, இயந்திரத்துக்குச் செல்லும். விடியற்காலையில் ஒருவர் துருத்திச் சக்கரத்தைச் சுழற்றி அனல் மூட்ட வேண்டும். வழியில் சாம்பல் தள்ள வேண்டும். மேட்டில் ஏறும்போது பயணிகள் இறங்கித் தள்ளவும் நேரும். இயந்திரத்தின் ஆற்றல் வெகுவாகக் குறைந்தது, நச்சு வாயுவின் அபாயமும் இருந்தது. இன்றைய அளவுகோலில் ஏற்க முடியாத அந்த மாற்றத்தை அன்று அரசே ஊக்குவித்தது. போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் கலன்கள் கழற்றப்பட்டன. ‘கரி பஸ்’ என்பது முதியோர் நினைவில் வேடிக்கைக் கதையாக எஞ்சியது. சட்ட வரலாற்று மாணவர்கள் அதை வேடிக்கையாகக் கடந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு முதலில் பழைய தர்க்கத்தையே தொடர்ந்தது. சான்றிதழின் விவரங்கள் ‘இனித் துல்லியமாக இராதபடி’ வாகனத்தை மாற்ற விரும்புபவர் முன்னறிவிப்புத் தந்து ஒப்புதல் பெற வேண்டும். பதிவு அலுவலர் ஏழு நாளுக்குள் பதில் தராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளப்படும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மௌனம் குடிமகனுக்குச் சாதகமாக அமைந்த விதி அது. இப்போது படிக்கும்போது சற்றே வியப்புத் தருகிறது.

1994ஆம் ஆண்டுத் திருத்தம் எரிபொருள் மாற்றத்தை இப்பிரிவுக்குள் கொண்டுவந்தது. மின்கலம், அழுத்தப்பட்ட இயற்கை வாயு, சூரிய ஆற்றல் எல்லாம் ஏற்கப்பட்டன. திரவ பெட்ரோலிய வாயு மட்டும் பெயர் சுட்டி விலக்கப்பட்டது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. மானிய விலைச் சமையல் வாயு உருளை அடுப்படியிலிருந்து ஆம்னி வேனின் பின்னிருக்கைக்கு அடியில் இடம்பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஆயினும் தடை அந்தப் பழக்கத்தை நிறுத்தவில்லை, மறைவிடத்துக்குத் தள்ளியது. மறைவில் செய்யப்படும் வாயு இணைப்பைச் சோதிக்க எவரும் இல்லை. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்கை நீக்கியது. 2001இல் வாகனங்களில் இவ்வாயுவின் பயன்பாட்டை முறைப்படுத்தும் ஆணை வந்தது. நிலையாகப் பொருத்தப்பட்ட கலன், எண்பது விழுக்காட்டுக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் அடைப்பிதழ், ஒப்புதல் பெற்ற மாற்றுக் கருவித்தொகுதி ஆகியவை கட்டாயமாயின. பெங்களூருவின் கறுப்பு மஞ்சள் ஆட்டோக்களுக்கு நடுவே பச்சை மஞ்சள் ஆட்டோக்கள் பெருகியது இதற்குப் பிறகுதான். நேற்று வரை குற்றமாக இருந்தது சுற்றுச்சூழல் கொள்கையாயிற்று.

ஆனால் அதே 2000ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொன்றையும் செய்தது. ‘இனித் துல்லியமாக இராதபடி’ என்னும் சொற்கள் நீங்கி, ‘உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு மாறுபடும்படி’ என்னும் சொற்கள் வந்தன. பார்வைக்குச் சிறிய திருத்தம். முன்பு ஒப்பிடப்பட்டவை ஏடும் வண்டியும்; வண்டி மாறினால் ஏட்டைத் திருத்தலாம். இப்போது ஒப்பிடப்படுபவை உற்பத்தியாளரின் வரையறையும் வண்டியும். அந்த வரையறையைத் திருத்த உரிமையாளராலும் முடியாது, அலுவலராலும் முடியாது. கேரளத்திலிருந்து சென்ற மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே உறுதி செய்தது. கட்டமைப்பு மாற்றத்துக்கு மாநில விதி இடம் தருகிறது என்ற உயர் நீதிமன்றத்தின் வாசிப்பை அது ஏற்கவில்லை. மாநில விதி 52ஆம் பிரிவுக்கு உட்பட்டதே என்றது.

இதன் பின்னுள்ள பாதுகாப்புக் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முன்புறத் தடுப்புக் கம்பி மோதலின் விசையை நேரே அடிச்சட்டத்துக்குக் கடத்தும். காற்றுப்பையின் உணரிகளையும் குழப்பக்கூடும். நடந்து செல்பவருக்கு எமனாகும். ஒன்றிய அரசு 2017 டிசம்பரில் அக்கம்பிகளுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது சரியே. என் ஐயம், அபாயமான மாற்றத்தையும் அபாயமற்ற மாற்றத்தையும் பிரித்தறியும் ஆள் நம் அமைப்பில் யார் என்பதில்தான்.

ஆஸ்திரேலியா வேறு வழியில் சென்றது. அங்கே இலகு வாகன மாற்றத்துக்கென நாடு தழுவிய நடைமுறைத் தொகுப்பு உண்டு. சிறிய மாற்றங்களுக்குச் சான்று வேண்டியதில்லை. இயந்திரத்தையே மாற்றினால், மாநிலம் அங்கீகரித்த பொறியாளர் அந்தக் குறிப்பிட்ட வண்டியைச் சோதித்துக் கையொப்பமிடுவார், தவறினால் பொறுப்பும் ஏற்பார். செலவும் அலைச்சலும் உண்டு என்ற முறையீடுகள் அங்கேயும் ஏராளம். என்றாலும் சோதிக்கப்படுவது தனியொரு வண்டி. நம் நாட்டில் சோதிக்கப்படுவது கருவித்தொகுதியின் மாதிரி. 2016இல் மின்னாற்றலுக்கு மாற்றுவதற்கான விதிகள் வந்தபோதும், புணே போன்ற இடங்களிலுள்ள சோதனை நிறுவனங்களில் மாதிரிக்கு ஒப்புதல் பெறும் வசதி படைத்த நிறுவனங்களே உள்ளே நுழைய முடிந்தது. சிவாஜி நகரின் பட்டறைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும், அவர் கையொப்பத்துக்கு இந்த அமைப்பில் இடமில்லை.

இதன் சுமை யார்மீது விழுந்தது? கார் பிரியர்களைக் காட்டிலும் மாற்றுத்திறனாளிகள்மீது என்பேன். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் அன்றாடக் காட்சி. தமிழக அரசு அத்தகைய வண்டிகளை நலத்திட்டமாகவே வழங்குகிறது. ஆனால் 1988ஆம் ஆண்டுச் சட்டம் ‘இன்வேலிட் கேரேஜ்’ என்று வரையறுத்த ஊர்தி, உடற்குறை உடையவருக்கெனச் சிறப்பாக வடிவமைத்துக் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும். வெறுமனே மாற்றியமைத்ததாக இருத்தலாகாது என்று வெளிப்படையாகவே சொன்னது. சந்தையிலோ அப்படிக் கட்டப்பட்ட ஊர்தி அரிது. பட்டறையில் மாற்றியமைத்ததே வாங்கக் கிடைத்தது. ‘இன்வேலிட்’ என்ற சொல்லுக்குச் ‘செல்லாதது’ என்றும் பொருளுண்டு என்பதைச் சட்டம் வரைந்தவர்கள் எண்ணிப் பார்த்தார்களா தெரியவில்லை.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தச் சொல்லை நீக்கி, ‘மாற்றியமைக்கப்பட்ட ஊர்தி’ என்னும் பொருள்படும் சொல்லை வைத்தது. 52ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவையும் மாற்றியது. அதற்குமுன் அவ்விடத்தில் இருந்தது, பத்துக்குக் குறையாத போக்குவரத்து வாகனங்களை உடையவர்கள் அதே தயாரிப்பு, அதே வகை இயந்திரத்தை முன் ஒப்புதலின்றி மாற்றிக்கொள்ள மாநில அரசுகள் வழங்கக்கூடிய சலுகை. இப்போது அங்கே இருப்பது, எவரும் தம் வண்டியை இத்தகைய ஊர்தியாக மாற்றிவிட்டுப் பின்னர் ஒப்புதல் பெறலாம் என்னும் உரிமை. முதலில் மாற்றம், பிறகு ஒப்புதல். நிபந்தனைகளை ஒன்றிய அரசு விதிக்கும்.

தண்டனைப் பிரிவான 182அ வந்ததும் இதே திருத்தச் சட்டத்தின் வழியாகத்தான்.