கனாவெரல் முனையும் மீண்டு வந்த ராக்கெட்டுகளும்

அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்துக் கீழ்க்கரையில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் நீண்டு கிடக்கும் மணல்திட்டுக்குக் கனாவெரல் முனை என்று பெயர். புதர்க்காட்டையும் கொசுக்கூட்டத்தையும், கடல் அரிப்புக்கு அஞ்சிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கரையிலிருந்து உள்ளே தள்ளி நிறுத்தப்பட்ட ஒரு கலங்கரை விளக்கத்தையும் தவிர வேறு விசேஷம் அதிகமில்லாதிருந்த அந்த முனை, ஜனாதிபதி ட்ரூமன் 1949 மே மாதத்தில் கையெழுத்திட்ட சட்டத்தை ஒட்டி ராக்கெட் பரீட்சைக்கு உரிய பூமியாயிற்று. கிழக்கே கண்ணுக்கெட்டாத தூரம்வரை கடல் இருந்தபடியால், பழுதுபட்ட ராக்கெட் எதுவும் ஊர் ஜனங்களின் தலைமேல் விழாது. பூமியின் சுழற்சியோ கிழக்கு நோக்கிப் புறப்படும் எதற்கும் கூலியில்லாமல் ஓர் உந்துதலைத் தரும்.

1950 ஜூலை 24ஆம் தேதி அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. யுத்தத்தில் ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய வி-2 ஒன்றின் தலைமேல் சிறிய அமெரிக்க ராக்கெட் ஒன்றை ஏற்றி வைத்து, சுவருக்குச் சாயம் பூசுகிறவர்கள் கட்டிக்கொள்ளும் சாரத்தையே மேடையாகக் கொண்டு வேலை செய்தார்கள் என்பதை நினைக்கும்போது, பிற்காலத்தில் அங்கே எழுந்த கோபுரங்களைக் காட்டிலும் அந்தச் சாரத்தின்மீதே எனக்கு மதிப்பு அதிகமாகிறது.

அன்று தொடங்கி நெடுங்காலம் அந்த முனையில் ஒரே சம்பிரதாயம்தான் நிலவியது. கோடிக்கணக்கான பணத்தையும் ஆயிரக்கணக்கானவர்களின் உழைப்பையும் கொண்டு நிர்மாணித்த இயந்திரங்கள், சில நிமிஷங்கள் எரிந்து தம் கடமையை முடித்துவிட்டுச் சமுத்திரத்தில் விழுந்து அழிந்தன. அதை விரயம் என்று சொல்வதற்குக்கூட அநேகருக்குத் தோன்றவில்லை. விண்வெளி ஓடம் வந்த பிறகு, ஓடம் விமானம்போல் இறங்கியது. பக்கத்து ராக்கெட்டுகள் இரண்டையும் கப்பல்கள் கடலிலிருந்து இழுத்து வந்தன. ஆயினும் நடுவிலிருந்த பெரிய எரிபொருள் கலம் ஒவ்வொரு முறையும் பறிபோயிற்று. மீண்டவற்றைச் செப்பனிட்டு மறுபடி அனுப்புவதற்கோ நீண்ட காலமும் பெருஞ்செலவும் ஆயின.

இந்தச் செலவு எத்தனையோ நல்ல யோசனைகளை முளையிலேயே கருக்கியிருக்கிறது. பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக ஒரு செய்தி போய், அதற்குப் பதில் வந்து சேர ஏறக்குறைய அரை விநாடி பிடிக்கும். தாழ்வான பாதையில் சுற்றுவதானால் தாமதம் குறையும், ஆனால் ஒன்று இரண்டு போதாது, நூற்றுக்கணக்கில் வேண்டும். 1990களில் பில் கேட்ஸும் கிரெய்க் மெக்காவும் பின்நின்ற டெலிடெசிக் நிறுவனம், 840 செயற்கைக்கோள்களைக் கொண்டு உலகெங்கும் இணையம் வழங்க உத்தேசித்து, பிறகு அதை 288ஆகக் குறைத்து, 2002இல் பணியையே நிறுத்திவிட்டது. அத்தனையையும் மேலே கொண்டுபோகும் வண்டிக் கூலி அன்று எவருக்கும் கட்டுப்படியாகாததாக இருந்தது என்பதும் அதற்கு ஒரு முக்கிய காரணம் என்றே கருதுகிறேன்.

அந்தக் கூலியைக் குறைக்கும் மார்க்கம் திறந்தது, முனையின் 13ஆம் எண் ஏவுதளத்தில். ஐம்பதுகளின் கடைசியில் அட்லஸ் ஏவுகணைகளை, அதாவது அணுகுண்டைச் சுமந்து சென்று மீளாதிருப்பதற்கென்றே படைத்தவற்றை, சோதித்த இடம் அது. பழைய கோபுரங்கள் நீங்கிய பின், அங்கே ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஒரு கான்கிரீட் தளத்தைப் போட்டது. 2015 டிசம்பர் 21ஆம் தேதி இரவு, 11 சிறு செயற்கைக்கோள்களோடு புறப்பட்ட பால்கன்-9 ராக்கெட்டின் அடிப்பகுதி, மேற்பகுதியைப் பிரிந்ததும் வானிலேயே திரும்பி, எஞ்சின்களை மீண்டும் மூட்டி, நான்கு கால்களை விரித்துக்கொண்டு, புறப்பட்டுப் பத்து நிமிஷம் ஆகுமுன்பே அந்தத் தளத்தில் நிமிர்ந்து நின்றது. அதற்கு முன் அதே ஆண்டில் கடல் மிதவையில் இறக்க முயன்ற இரு தடவையும் ராக்கெட்டின் அடிப்பகுதி உடைந்து நொறுங்கியிருந்தது. 1993இல் நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் டி.சி.-எக்ஸ் என்ற சிறு ராக்கெட் நின்றபடியே எழும்பி நின்றபடியே இறங்கியதுண்டு. ஆனால் செயற்கைக்கோள்களைப் பூமியின் சுற்றுப்பாதைக்கு அனுப்பிவிட்டு இப்படி நின்றபடியே மீண்டதில் இதுதான் முதல்.

2019 மே 23ஆம் தேதி இரவு பத்தரை மணிக்கு, முன்பு சனிக் கிரகத்துக்குக் காசினி கலம் கிளம்பிய அதே 40ஆம் எண் ஏவுதளத்திலிருந்து, ஏற்கெனவே இருமுறை போய்வந்த ஓர் அடிப்பகுதியின்மேல், தாழ்ந்த பாதையிலிருந்து இணையம் வழங்க ஸ்பேஸ்எக்ஸ் படைத்த 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் புறப்பட்டன. ஒவ்வொன்றும் 227 கிலோ எடை. தட்டையாக, அப்பளக் கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டிருந்தன. தனித்தனியாகத் தள்ளிவிடும் பொறி கிடையாது. சுமார் 440 கிலோமீட்டர் உயரத்தில் மேற்பகுதியை மெல்லச் சுழலவிட்டு, கட்டைப் பிடித்திருந்த கம்பிகளை அவிழ்த்ததும், அடுக்கு முழுவதும் ஒரே கூட்டமாக மிதந்து போய்த் தானே கலைந்தது. பிறகு கிரிப்டான் வாயுவை உமிழும் சிறு எஞ்சின்களால் அவை தாமே 550 கிலோமீட்டருக்கு ஏற வேண்டியிருந்தது.

அடுத்த சில இரவுகளில், பூமியிலிருந்து பார்த்தவர்கள் கண்ணில் அவை ஒளிப்புள்ளிகளின் வரிசையாக ஊர்ந்தன. ஜனங்கள் வியந்தார்கள், தொலைநோக்கியின் படங்களில் குறுக்கே வெண்கோடுகள் விழக் கண்ட வான சாஸ்திரிகள் வருந்தினார்கள். 2020இல் கரும்பூச்சும் வெயில் மறைப்பும் செய்து பார்த்ததில் ஒளி குறைந்ததே தவிர மறையவில்லை. இணையம் எட்டாத மலையூருக்கும் தீவுக்கும் அது எட்டுவதை மனமார வரவேற்கிறேன். ஆனால் இரவு வானம் எல்லோருக்கும் பொதுச் சொத்து, அதில் மாறுதல் செய்வதற்கு முன்னரே அதை நாள்தோறும் பார்த்து வாழ்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்ற அபிப்பிராயம் எனக்கு உறுதியாக உண்டு.

இதே தொழிலை நம் ஸ்ரீஹரிகோட்டாவும் செய்தது. 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் எல்.வி.எம்-3 ராக்கெட் ஒவ்வொரு முறையும் ஒன்வெப் நிறுவனத்தின் 36 இணையச் செயற்கைக்கோள்களைக் குறையின்றிக் கொண்டு சேர்த்தது. ஆனால் அந்த ராக்கெட்டில் எந்தப் பாகமும் மீளவில்லை.

60 செயற்கைக்கோள்களைச் சுமந்த அந்த அடிப்பகுதி, மேலும் பல முறை போய்வந்து, 2022 நவம்பரில் யூடெல்சாட் 10பி என்ற கனத்த செயற்கைக்கோளோடு பதினொன்றாம் தடவையாக 40ஆம் எண் தளத்திலிருந்து கிளம்பியது. அந்தச் சுமையை ஏற்ற எரிபொருள் முழுவதும் தேவைப்பட்டபடியால், மீள்வதற்கென்று எதையும் மிச்சம் வைக்காமல், பழைய சம்பிரதாயப்படியே அதைக் கடலுக்குக் கொடுத்துவிட்டார்கள்.