சுருள்வில்லில் தங்கியிருக்கும் சட்டம்

‘துப்பாக்கி’ துருக்கிய மொழியின் ‘தூஃபெக்’ என்ற சொல்லோடு உறவுடையது. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்கரீ தொகுத்த அகராதியில், அதன் பழைய வடிவம் குருவிகளைச் சுட உதவிய உட்புழைக் குழல் ஒன்றைக் குறிக்கிறது. மராத்தியர் வழங்கும் ‘பந்தூக்’ அரபியின் ‘புந்துக்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கு முதலில் ஒரு கொட்டை, பின்னர் அதைப் போன்ற சிறுகுண்டு என்று பொருள். ஒரு மொழி குழலையும் மற்றொன்று குண்டையும் பிடித்துக்கொண்டன. இரண்டிலும் வெடிமருந்து பிற்பாடு வந்து சேர்ந்ததே. சொல்வரலாற்றின்படி, காற்றுத் துப்பாக்கியே மூலப்பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது.

சட்டம் வேறுவிதமாகப் பிரித்தது. லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமத்தைக் கட்டாயமாக்கியது. அதற்கு மாற்றாக வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் 1962இல் நடைமுறைக்கு வந்தபோது, ஆற்றல் குறைந்த காற்றுத் துப்பாக்கிகள் உரிமத்திலிருந்து விலக்குப் பெற்றன. 2016ஆம் ஆண்டு விதிகள் அந்த எல்லையை 4.5 மில்லிமீட்டர் குழல்விட்டம், 20 ஜூல் என்று எண்ணால் வரையறுத்தன. அரை கிராம் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 280 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

புணேயின் கிழக்கே கராடியில், நண்பர் ஒருவரின் குடும்பத்துப் பழைய துப்பாக்கியை அண்மையில் பிரித்துப் பூட்டினோம். வால்சந்த் ஹீராசந்த் 1926இல் தொடங்கிய இந்தியன் ஹியூம் பைப் நிறுவனத்தின் தயாரிப்பு அது. குழாய் செய்த நிறுவனம் துப்பாக்கியும் செய்ததை இன்று அறிந்தோர் குறைவு. குழலை மடக்கினால் பிஸ்டன் பின்னேறிச் சுருள்வில்லை இறுக்கும். விசையை இழுத்ததும் வில் விரிய, உருளைக்குள் அடைபட்ட காற்று சிறுதுளை வழியே பாய்ந்து குண்டை உந்தும். பின்மூடியைக் கழற்றும்போது வில் சீறிப் பாயாதபடி பிடிப்பில் வைத்தே தளர்த்தவேண்டும். காய்ந்து சுருங்கிய தோல் வாஷரை எண்ணெயில் ஊறவைத்தோம். எண்ணெய் மிகுந்தால், இறுகும் காற்றின் வெப்பத்தில் அது தீப்பற்றும். ஆகவே மிஞ்சியதைத் துடைத்தெடுத்தோம்.

களைத்துப்போன வில்லுக்கு மாற்றாக வலுவானதைப் போடலாம் என்றார்கள் சிலர். நாங்கள் மறுத்தோம். இவ்வகைத் துப்பாக்கி பல வீடுகளுக்குள் உரிமமின்றி நுழைந்ததற்குக் காரணம் அதன் வில்லின் அளவான வலிமையே. அதை மாற்றினால் புறத்தோற்றம் அப்படியே இருக்க, பொருள் சட்டத்தின் எல்லையைத் தாண்டிவிடலாம். வரலாற்றுச் சான்றும் அழியும். சுவடியைப் பதிப்பிப்பவர் சிதைந்த இடத்தைத் தம் விருப்பப்படி நிரப்பிவிட்டு மூலபாடம் என்று சொல்வதற்கு ஒப்பானது அது.

எனவே அதே அளவு வில்லையே தேடிப் பொருத்தினோம். பழைய வில்லில் தேதி எழுதிய சீட்டைக் கட்டி, துப்பாக்கியோடு சேர்த்தே வைத்திருக்கிறோம். வீட்டில் பழங்கருவி வைத்திருப்போர் புதுப்பிக்குமுன் இதைக் கருதவேண்டும்: கழற்றிய உறுப்பும் ஆவணமே.